எட்டு வீட்டு ஸ்பீக்கர்

நான் கோழி மருந்து விற்கிறவன். சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, பிழைப்பு முழுக்க நாமக்கல் பக்கம். காலையில் வண்டியை எடுத்தால் பொழுது சாயும்வரை பண்ணை பண்ணையாக ஏறி இறங்குவேன். எந்த வீட்டில் என்ன சமையல் என்று வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை பக்கத்தில் நிற்கிற அந்த ஊருக்கு மஞ்சுளா வீட்டு அரிசியும் பருப்பும் சாதத்துக்காகவே பல தடவை பாதை மாறிப் போயிருக்கிறேன்.

அன்றைக்குப் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மஞ்சுளா தகரம் போட்ட கோழிச் செட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, சின்ன வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தாள். வழக்கமாக என் வண்டிச் சத்தம் கேட்டதுமே மோர்ச் சொம்போடு வருகிறவள், அன்றைக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. நானே போய் மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசித் தாளையும் அரிந்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, கோழிக்குக் காது கேக்காமப் பண்றதுக்கு மருந்து எதாச்சும் இருக்குதுங்களா?"

"காது கேக்காம இருக்க மருந்தா? அப்படி ஒண்ணு இருந்தா மொதல்ல நான் குடிச்சுட்டு எங்க மேனேஜர்கிட்டப் பேசுவேனே. என்னம்மா ஆச்சு?"

"நோம்பி சாட்டப் போறாங்க," என்றாள். முன்னாலிருந்த அரிவாள்மனையைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நோம்பி என்றால் கோயில் திருவிழா; திருவிழா என்றால் வேட்டு.

மஞ்சுளாவின் கோழிகள் கூண்டில் நிற்கிற முட்டைக் கோழிகள் அல்ல. தரையில் உமி பரப்பி விட்டு வளர்க்கிற நாட்டுக்கோழி. இந்த ஜாதிக்கு எல்லா நோயையும் தாங்குகிற தெம்பு உண்டு, திடீர்ச் சத்தத்தைத் தாங்குகிற தெம்பு மட்டும் கிடையாது. எங்காவது டமாரென்று கேட்டால் ஒரு கோழி ஒரு மூலைக்கு ஓடும். அது ஓடிய மூலைக்கே மொத்தமும் ஓடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். மேலே நிற்பது, இன்னும் மேலே ஏறினால் பிழைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மேலும் மிதிக்கும்.

போன வருஷம் மாரியம்மன் நோம்பியில் அதுதான் நடந்தது. செட்டின் வடக்கு மூலையில் இடுப்பு உயரத்துக்குக் கோழி குவிந்து கிடந்தது. மறுநாள் நான் போனபோது மஞ்சுளா குழி வெட்டிக்கொண்டிருந்தாள். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டாள். நான் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வெடியை வைத்தது அவள் மாமனார் அங்கமுத்துதான். அந்த ஊரில் மாவிளக்கு கோயிலைச் சுற்றக் கிளம்புவதற்கு முன்னால் மூன்று அதிர்வேட்டு வைக்க வேண்டும். இரும்புக் குழாயில் கருமருந்தைக் கெட்டித்து வைக்கிற வேட்டு. வைத்தால் மலை திருப்பிச் சொல்லும். அதை வைக்கிற உரிமை அங்கமுத்து வீட்டாருக்கு. அவர் வைக்காமல் மாவிளக்குத் தட்டு ஓரடி நகராது. பூச்சாட்டி நோம்பியைத் தொடங்குகிற அன்று கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார். காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடிகிறவரை கவுச்சி இருக்கிற இடத்துக்கே போகக் கூடாது. கோழிச் செட்டுக்குள் காலே வைக்க மாட்டார்.

"மாமா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"செட்டப் பிரிச்சரலாம்ங்கறாரு. 'எங்கையால இன்னொருக்கா அந்தப் பாவத்தப் பண்ண மாட்டன் அம்மிணி. வேட்டையும் உட முடியாது, இது சாமி காரியம். கோழி வேண்டாம்'ங்கறாரு. தகரத்தைக் கழட்டிக்கறதுக்கு ஆளுகிட்டச் சொல்லியும் வெச்சுட்டாரு. இந்தக் கோழிக்கு எதாச்சும் ஆச்சுன்னா நோம்பி முடிஞ்ச மக்யா நாளே செட்டு தரமட்டமாயிரும்."

"இப்பவே வித்துட்டா?"

"அரைக்கெலோகூட வருலீங்ளே. குஞ்சுல இருந்து பாத்துப் பாத்து வளத்துனதுங்ண்ணா." அவள் குரல் உடைந்தது, உடனே அதற்காகக் கோபமும் வந்தது. "நான் கல்யாணமாகி வந்தப்ப இது வெறும் முள்ளுக்காடு. கல்லுப் பொறுக்கி, முள்ளு வெட்டி, இந்தச் செட்ட நான் நிக்க வெச்சன். எங்கூட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில சத்தீஸ்கர்ல கெடக்கறாரு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதப் பிரிக்க உட மாட்டன். மாமா வேட்டு வைக்காம நிக்கவும் உட மாட்டன். ஊரு சிரிக்குமுங்க."

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"அதத்தான் யோசிக்கறன். நீங்க ஒரு யோசனையும் சொல்லாட்டிப் பரவால்ல, சோறு தின்னுட்டுப் போங்க."

தின்றேன். கொள்ளுத் துவையல் வைத்திருந்தாள். கவலையிலும் கைப்பக்குவம் மாறாத பெண்.

அவளுக்கு யோசனை அடுத்த தடவை நான் போவதற்குள் வந்துவிட்டது. சில பண்ணைகளில் ரேடியோ பாடவிட்டு வைப்பார்கள். சத்தத்துக்குப் பழகின கோழி எதற்கும் பயப்படாது. அப்படியானால் நோம்பிச் சத்தத்தையே முன்கூட்டிப் போட்டுப் போட்டுக் காட்டினால் என்ன? பரணில் ஓர் ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. அவள் புருஷன் தனசேகர் ரிக் வண்டிக்குப் போவதற்கு முன் விசேஷங்களுக்கு மைக், ஸ்பீக்கர் என்று ரேடியோ செட் கட்டுகிற தொழில் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. அதைத் தூசி தட்டி, கோயிலுக்கு ரேடியோ செட் கட்டுகிற ரங்கனிடம் ஒரு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸைக் கேட்டு வாங்கி, செட்டின் தெற்குக் கோடியில் வைத்துவிட்டாள்.

நான் போன அன்றுதான் முதல் சோதனை. பம்பைச் சத்தத்தைத் தனசேகர் போனில் அனுப்பியிருந்தான். மஞ்சுளா குமிழைத் துளிதான் திருப்பினாள். டும்மென்றது பாக்ஸ். அவ்வளவுதான், மொத்தக் கோழியும் வடக்குக் கோடிக்குப் பறந்தது. அவள் உடனே ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினாள். அதற்குள் மூலையில் கோழி மேல் கோழி. நாங்கள் இருவரும் உள்ளே விழுந்தடித்துப் பிரித்துவிட்டோம். என் சட்டை முழுக்க உமி, கோழி எச்சம். நல்லவேளை, ஒன்றும் சாகவில்லை.

அங்கமுத்து செட்டைச் சுற்றிய கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. "நோம்பிக்கு முந்தியே கொன்னுருவீங்க போல," என்றார்.

மஞ்சுளா மூச்சு வாங்க நின்றாள். தலையில் உமி. வடக்கு மூலையையும் தெற்குக் கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டென்று சொன்னாள்.

"சத்தம் ஒரு பக்கம் இருக்கறதாலதான மாமா இன்னொரு பக்கம் ஓடுது? எல்லாப் பக்கமும் ஒரே சத்தம் இருந்தா எங்க ஓடும்? ஓடறதுக்கே எடம் இருக்காதுங்களே!"

அங்கமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.  வலையை விட்டு மட்டும் போகவில்லை.

செட்டு நீளத்துக்கும் சின்னச் சின்ன ஸ்பீக்கர் வேண்டும். மஞ்சுளா வீடு வீடாகப் போனாள். இந்தக் காலத்தில் எந்த வீட்டில் ஸ்பீக்கர் இல்லை? எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஒருவரும் பாட்டுக் கேட்பதில்லை. எல்லாம் போனில்தான். மலர்விழி வீட்டில் ஸ்பீக்கர்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. ஜெயப்பிரியா கல்யாணச் சீரில் வந்ததை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். ஒரு வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து இருந்து, ஸ்பீக்கருக்கும் தினமும் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் எலி துணியைக் கடித்திருந்தது. "கோழிக்குப் பாட்டா? நடத்து ஆத்தா," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். எட்டு வீட்டு ஸ்பீக்கர் சேர்ந்தது.

இணைப்புக் கொடுத்தது அங்கமுத்து. வேண்டாம் என்று முனகிக்கொண்டேதான் கொடுத்தார். அந்தச் செட்டுக்கு லைட் இழுத்தவர் அவர்தான். கோழிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வேலை அத்துப்படி. குஞ்சு வந்து இறங்கினால் சூட்டுக்கு வரிசையாக பல்பு போட வேண்டுமே. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரெட்டை வயர், வழியில் எங்கு வேண்டுமோ அங்கே சீவி ஒரு பல்பை மாட்ட வேண்டியது. ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும். எத்தனை வேண்டுமானாலும் மாட்டலாம். அதேபோல எட்டு ஸ்பீக்கரையும் மாட்டினார். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது.

சத்தமும் வந்தது. செட்டு முழுக்க ஒரே சீராகப் பம்பை கேட்டது. கோழிகள் கழுத்தை நீட்டின, திரும்பின, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றன. மஞ்சுளா கையைத் தட்டினாள். சாமி வந்த மாதிரி குதித்தாள் என்றே சொல்லுவேன். அங்கமுத்துகூடப் பல்லைக் காட்டினார்.

ஒரு பாட்டு முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கருகல் வாடை வந்தது. மேலே கையை வைத்தால் தோசைக்கல். கரகரவென்று இழுத்து, அடங்கிப்போனது.

"பழைய சாமானு," என்றார் அங்கமுத்து.

"பழசு இல்லீங் மாமா, நீங்க எதையோ தப்பா மாட்டிட்டீங்க."

"நான் தப்பா மாட்டுனனா? பாரு, இதே மாதிரிதான பல்பு மாட்டிக்கெடக்குது? எரியுதா இல்லியா?"

"எரியுதுங்."

"பொறவென்ன?"

"பல்பு பாடுதுங்களா மாமா?"

மாமனாரும் மருமகளும் போன நோம்பிக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்டதே அதிகமில்லை. அன்றைக்கு இருவரும் வைத்த சத்தத்தில் ஒரு வருஷத்துப் பாக்கி தீர்ந்தது. நான் நைசாக வண்டியை எடுத்தேன். "எங்கீங்ண்ணா போறீங்க? இதத் தூக்கிட்டு எம்பின்னால வாங்க," என்று ஆம்ப்ளிஃபயரை என் வண்டியில் வைத்துக் கட்டிவிட்டாள். அவள் ஸ்கூட்டியில் முன்னே, நான் பின்னே.

எருமப்பட்டிக் கடைவீதியில் டிவி, மிக்ஸி, மைக் செட் எல்லாம் பழுது பார்க்கிற கோகிலவாணி கடை. அந்தம்மாள் வாயில் ஸ்க்ரூ, கையில் சால்ட்ரிங் குச்சி, காதில் போன். மூன்றையும் வைத்துக்கொண்டே பேசும். மூடியைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தது.

"இதென்ன ஆம்ப்ளிஃபயரா, அடுப்பா? எத்தன ஸ்பீக்கர் மாட்டுனீங்க?"

"எட்டுங்கக்கா."

"எப்பிடி?"

"பல்பு மாட்டற மாதிரிங்க."

கோகிலவாணி சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ தெறித்து மேசைக்கடியில் போய்விட்டது. "அட கோழிக்காரங்களா! உங்காளுங்க எல்லாருமே இப்பிடித்தான். போன மாசங்கூட ஒரு பண்ணைக்காரரு வந்தாரு. இங்க பாரு கண்ணு, ஸ்பீக்கருக்கு முதுகுல எட்டு ஓம்னு போட்டிருக்குதா? அது கரண்ட்ட எத்தன தடுக்குதுங்கற கணக்கு. பல்பு மாதிரி மாட்டுனா ஆளாளுக்கு ஒரு வழியில இழுக்கும். ரெண்டு மாட்டுனா தடுப்பு பாதியாப் போயிரும், எட்டு மாட்டுனா எட்டுல ஒரு பங்கு. அதாவது ஒண்ணு. இது நாலுக்குக் கீழ போனாத் தாங்காது. எரியாம என்ன பண்ணும்?"

"அப்ப எட்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, பூ கோக்கற மாதிரி கோத்தா?"

"எட்டெட்டு அறுவத்தி நாலு. நல்லாத் தடுக்கும். சத்தம்தான் கொசு கத்துன மாதிரி வரும்." அதற்குள் யாரோ கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தாரேன். நாலு, மறந்தறாத. நாலுக்குக் கீழ போகக் கூடாது, ரொம்ப மேலயும் போகக் கூடாது."

சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரை வாங்கிக்கொண்டு திரும்பினோம். மஞ்சுளாவின் ஸ்கூட்டி முன்னால் போனது.  வெங்காயப் பட்டறைகள் தாண்டி, வாய்க்கால் ஓரமாக வந்தபோது திடீரென்று பிரேக் போட்டாள். நான் அவள் வண்டியின் பின்னால் இடிக்கப் பார்த்தேன்.

"ஏனுங்ண்ணா! தண்ணி பாருங்க!"

"தண்ணிக்கு என்னம்மா?"

"இந்தப் பாத்திக்குள்ள பூந்து, அந்தப் பாத்திக்குப் போகுது பாருங்க. ரெண்டு பாத்திக்கு ஒரு மடை. அந்த மாதிரி நாலு மடை. ரெண்டு ரெண்டு ஸ்பீக்கராக் கோத்தா எட்டும் எட்டும் பதினாறு. அந்த மாதிரி நாலு சோடி. அந்த நாலு சோடியையும் மாமா சொல்ற மாதிரி பல்புக் கணக்குல மாட்டுனா, பதினாறுல நாலுல ஒரு பங்கு..." விரலை மடக்கினாள். கண் விரிந்தது. "நாலுங்ண்ணா! நேரா நாலு!"

ரோட்டில் நின்று கத்தினாள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர் எங்கள் இருவரையும் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். எனக்கே கையைத் தட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் அன்று பொழுது சாயும்போது பூச்சாட்டு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கமுத்து கையில் காப்புக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். இனி செட்டுக்குள் அவர் வர முடியாது. மறுநாள் காலையில் நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மஞ்சுளா ஏறினாள். அவர் வலைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த வயரச் சீவு. கைய வெட்டிக்காத. சீவியாச்சா?"

"ஆச்சுங் மாமா. இந்த ஸ்பீக்கரோட கறுப்ப அந்த ஸ்பீக்கரோட சிவப்புல தாரேன். டார்ச் லைட்டுல பேட்டரிக் கட்டை போடற மாதிரி."

"சிவப்புல சிவப்புதான தரோணும்?"

"சோடிக்குள்ள அப்பிடி இல்லீங். சோடியோட ரெண்டு நுனி மட்டும் உங்க ரெட்டை வயருக்கு வருமுங்க. அங்க சிவப்புக்குச் சிவப்பு."

"அப்ப என்ற வயரு தப்பில்ல."

"உங்க வயரு இல்லாட்டி ஒண்ணுமே இல்லீங் மாமா."

அங்கமுத்து கல்லில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அதட்டுகிற குரல் வரவில்லை.

நடுவில் வார்டு மெம்பர் கந்தப்பன் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பாக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். எட்டு வீட்டு ஸ்பீக்கர் இருக்கும்போது மெம்பர் வீட்டுடையது இல்லாமல் இருக்கலாமா? மஞ்சுளா ஏணியில் நின்றபடியே முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். மெம்பர் தம்முடைய முதுகைத் திருப்பினார். "பாக்ஸோட முதுகுங்கண்ணா!" அதில் நாலு ஓம் போட்டிருந்தது. "ஆகாதுங்க, கணக்கு கெட்டுப்போயிரும்." மெம்பர் முகம் சிறுத்துவிட்டது. "எம்பட பாக்ஸ் ஃபாரின்ல இருந்து வந்ததும்மா!" "எங்கிருந்து வந்தாலும் நாலு நாலுதானுங்களே." நான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

மஞ்சுளா இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். பம்பை கேட்டது. ஒரு பாட்டு முடிந்தது, இரண்டு முடிந்தது. மஞ்சுளா ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். "கைச் சூடுதான் மாமா இருக்குது," என்றாள். வலைக்கு வெளியே அங்கமுத்து எழுந்து நின்று துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் தினமும் கோழிகளுக்கு நோம்பிதான். முதலில் காதோடு காதாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பம்பை, உறுமி, கூட்டச் சத்தம், சரவெடி. தீனி வைக்கிற நேரத்தில்தான் போடுவாள். சத்தம் வந்தால் தீனி வரும் என்று அதுகளுக்குப் புரிய வேண்டும். ஒரு வாரம் கழித்து நான் போனபோது பம்பைச் சத்தம் தொடங்கியதும் கோழிகள் தீனித் தட்டைத் தேடி வந்தன.

அதிர்வேட்டுதான் பாக்கி. போன வருஷம் தனசேகர் ஊரில் இருந்தபோது எடுத்த வீடியோவில் அது இருந்தது. அனுப்பச் சொன்னாள். "அத எதுக்கு இப்ப?" என்று அவன் தயங்கியிருக்கிறான். வந்ததும் அடுப்படியில் நின்று தனியாகப் பார்த்தாள். அங்கமுத்து திரியைப் பற்ற வைக்கிறார், வேட்டு வெடிக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், மஞ்சுளாவும் சிரிக்கிறாள். அந்த நேரத்தில்தான் இங்கே மூலையில் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "சத்தமே சரியில்லீங்ண்ணா. போன்ல கதவு சாத்துன மாதிரிதான் கேக்குது," என்றாள். 

இதை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்ற அங்கமுத்து விறுவிறுவென்று போனார். எங்கிருந்தோ ஒரு காலி எண்ணெய் பேரலை உருட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துக் கோடியில், கிணற்று மேட்டில் வைத்து உலக்கையால் ஓங்கி ஓர் அடி. பேரல் இடி மாதிரி அதிர்ந்தது. செட்டுக்குள் கோழிகள் தலையைத் தூக்கின, அவ்வளவுதான். பம்பைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பேரல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கிட்டே. காப்புக் கட்டின ஆள் வெயிலில் பேரலைப் போட்டு அடிக்கிறார் என்று ஊரே பேசியது. "என்னங்க, மருமககூடச் சேர்ந்து உங்களுக்கும் புத்தி மாறிப்போச்சா?" என்று ரங்கன் கேட்டதற்கு, "ஆமா மாறிப்போச்சு. உனக்கென்ன நட்டம்?" என்றார்.

நோம்பியன்று நான் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனேன். கச்சாயப் பலகாரம் சுடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன், உண்மை அதுவல்ல. பொழுது மேற்கே இறங்க, மலைமேல் வெயில் மஞ்சளாக விழுந்தது. கோயிலில் பெண்கள் மாவிளக்குத் தட்டுகளோடு வரிசையாக நிற்கிறார்கள் என்று ரங்கனின் ரேடியோ செட் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் மஞ்சுளாவும் செட்டுக்குள். எட்டு ஸ்பீக்கரிலும் பம்பை. தட்டு நிறையத் தீனி. மஞ்சுளா வடக்கு மூலையில் போய் நின்றுகொண்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

போன் அடித்தது. அங்கமுத்து.

"அம்மிணி, குழாயெல்லாம் கெட்டிச்சாச்சு. எல்லாரும் நிக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கையே வருலியே சாமி. நீ வேண்டாம்னா சொல்லிரு. உரிமை போனாப் போகுது, ரங்கனக் கூப்புட்டு வெக்கச் சொல்லிட்டு நான் ஊட்டுக்கு வாரேன்."

"யாரு வெச்சாலும் சத்தம் சத்தந்தானுங்களே மாமா."

"எங்கையால வேண்டாங்கறன்."

மஞ்சுளா கோழிகளைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது, இல்லாமலா? ஆனாலும் அவள் குரல் கெட்டியாக வந்தது.

"உங்க கையாலதான் வெக்கோணும். வைங்க மாமா. நான் இங்க நிக்கறன்."

போனை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ விலகுங்க விலகுங்க என்றார்கள். பிறகு ஒன்றும் இல்லை.

வேட்டு வெடித்தது.

தரை அதிர்ந்தது, தகரம் கடகடவென்றது, மலை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கிற்று.  நடுவிலிருந்து ஒரு சேவல் மஞ்சுளா நின்ற மூலையை நோக்கி ஓடியது. அதன்பின் ஒன்று, அதன்பின் இரண்டு. மஞ்சுளா குனிந்து கையை விரித்தாள். ஓடி வந்த சேவல் பாதியில் நின்றது. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. எல்லாப் பக்கமும் அதே பம்பைதான். காலால் உமியைக் கிளறியது. பிறகு பக்கத்துத் தட்டில் தலையை விட்டுத் தீனி கொத்தியது. அதைப் பார்த்து மற்றதும். கொஞ்ச நேரத்தில் செட்டு முழுக்கத் தட்டைக் கொத்துகிற சத்தம் எழுந்தது. மழை பிடித்த மாதிரி அந்தச் சத்தம்.

போனில் அங்கமுத்து கத்திக்கொண்டிருந்தார். "அம்மிணி! அம்மிணி! என்னாச்சு? பேசு சாமி!"

மஞ்சுளாவைப் பார்த்தேன். சிரிக்கிறாள், அழுகிறாள், உமியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் ரங்கன் என்ன செய்தானென்றால், கிழவர் கையிலிருந்த போனை வாங்கி ரேடியோ செட் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டான்.

"தீனி திங்குதுங் மாமா!" என்றாள் மஞ்சுளா.

கோயில் குழாய் ஸ்பீக்கரில் அது ஊர் முழுக்கக் கேட்டது. தீனி திங்குதுங் மாமா. மாவிளக்குத் தட்டோடு நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். விசில் பறந்தது. மலர்விழி குரல் தனியாகக் கேட்டது: "எங்கூட்டு ஸ்பீக்கரு! எங்கூட்டு ஸ்பீக்கரு!" இரண்டாவது வேட்டு, மூன்றாவது வேட்டு. ஒரு கோழிகூடத் தலையைத் தூக்கவில்லை. நான் மருந்து விற்க வந்து இத்தனை வருஷத்தில் கோழிகளைப் பார்த்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

மாவிளக்கு நகர்ந்ததும் அங்கமுத்து ஓடியே வந்துவிட்டார். வேட்டி முழுக்கக் கருமருந்து, மூஞ்சியெல்லாம் புகை. உள்ளே வர முடியாது, கையில் காப்பு இருக்கிறது. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். வடக்கு மூலையைப் பார்த்தார். அங்கே உமி மட்டும் இருந்தது.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூடச் சாவுலீங் மாமா."

துண்டை எடுத்து முகத்துப் புகையைத் துடைத்தார்.  

"தகரக்காரன வர வேண்டாம்னு சொல்லிட்டன்."

"சரிங் மாமா."

"இன்னொண்ணு. அடுத்த நோம்பிக்கு வேட்டு நீ வெச்சரு."

மஞ்சுளா விளையாட்டு என்று நினைத்தாள். "நான் பொம்பளைங்க மாமா. ஊரு ஒத்துக்குமா?"

"உரிமை நம்மூட்டுது. யாரு வெக்கறதுன்னு நான் சொல்றதுதான். இன்னைக்கு உம்பட குரல ஊரே கேட்டுச்சு, ஒருத்தன் வாயத் தொறக்குட்டும் பாக்கலாம்."

"அப்பக் கோழிகிட்ட யாருங் நிக்கறது?"

"நான் நிக்கறன். நீ காப்புக் கட்டு."

மஞ்சுளா எழுந்து உமியைத் தட்டிவிட்டு வலையருகே வந்தாள். மறுக்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை.

"மூணு வேட்டுமா மாமா?"

"மூணும் சாமி."